பொட்டிக்குள் போன ஒப்பாரி

வேங்கைக்கொல்லை செல்லிக்கு வாய் நீளம் என்று ஜவ்வாது மலையில் பத்து ஊருக்குத் தெரியும். நாத்தனார்கள் அதை வசவாகத்தான் சொன்னார்கள். ஆனால் சாவு விழுந்த வீட்டில் அதே வாயைத்தான் தேடுவார்கள். "செல்லிக்கு ஆள் போச்சா?" என்று கேட்ட பிறகுதான் மேளத்துக்கே சொல்லிவிடுவார்கள். அவளும் கொல்லையில் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாலும் சரி, அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். பெண்களின் தோளில் கைபோட்டு வட்டத்தில் உட்கார்ந்து அவள் முதல் வரியை எடுத்தால், அதுவரை விறைத்துக்கொண்டு நின்ற மருமகள்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள்.

அந்த வட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பிணம் கிடக்கும்வரை ஒரு பெண் எதை வேண்டுமானாலும் சொல்லி அழலாம். மாமியார் கஞ்சி ஊற்றாததை, கொழுந்தன் வரப்பை நகர்த்தியதை, புருஷன் அடித்ததை, பேர் சொல்லி, எதிரே நிற்கிறவனைக் கைகாட்டிக்கூடச் சொல்லலாம். யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. புதைத்துவிட்டு ஓடையில் குளித்து எழுந்தால் தீர்ந்தது. "நீ அன்னிக்கு என்ன இப்டிச் சொன்னியே" என்று பிறகு ஒருத்தரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் விவகாரம் ஊர்க்கவுண்டர் வரைக்கும் போகும். சொன்னதெல்லாம் பிணத்தோடு போயிற்று. கோர்ட்டு, கச்சேரி என்று அலைகிற கீழ்நாட்டு ஜனங்களுக்கு இந்தப் புத்தி எந்தக் காலத்திலும் வராது.

செல்லிக்கும் ஒருமுறை அப்படிச் சொல்ல வேண்டி வந்தது. எழுபத்தைந்தாம் வருஷம் பங்குனியில் அவளுடைய அக்காள் மாணிக்கம்மாள் செத்துப்போனாள். அவளை ஓடைக்கு அக்கரையில் அருணகிரிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புளி உலுக்கும் காலம் அது. மாணிக்கம்மாளுக்கு ஏழு நாளாகக் காய்ச்சல். டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினால் செங்கம் ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் நடை. அருணகிரி இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தான். ஆள்களெல்லாம் மூட்டை சுமந்து சந்தைக்கு இறங்கியிருக்கிறார்கள், திரும்பி வரட்டும் என்றான். அவனும் ஒரு நடை போய் வந்தான். எட்டாம் நாள் டோலி தேவைப்படவில்லை.

அக்காளின் தலைமாட்டில் உட்கார்ந்து செல்லி பாடினாள்.

புளிமூட்ட எறக்கிப்போக
பத்துத் தோளு கெடச்சுதம்மா
பூவாட்டம் ஒன்னத் தூக்க
நாலு தோளு கெடைக்கலியே
கைபுடிச்ச அருணகிரி
காத்திருன்னு சொன்னானே
காத்திருந்தே என் அக்கா
கண்ணு மூடிப் போனியே

அருணகிரி தலைகுனிந்து நின்று முழுவதையும் கேட்டான். கண்ணீர் வடிந்ததைத் துடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே செல்லிக்கு இலை போட்டுச் சோறு வைத்தான். ஆறு வயது வசந்தியைக் கொண்டுவந்து அவள் மடியில் உட்காரவைத்து, "இது ஒனக்கும் பொண்ணுதான் செல்லி. மாசத்துல பாதி நாளு ஒங்கூட இருக்கட்டும்" என்றான்.

செல்லிக்குப் பிறந்த இரண்டும் ஆண். வசந்தி வந்த பிறகுதான் அந்த வீட்டில் சீப்புக்கும் ரிப்பனுக்கும் வேலை வந்தது. பெண் பொல்லாத வாலு. செல்லி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை அவளுக்குத் தெரியாமல் அவிழ்த்துக் கொட்டைப்பாக்கைத் திருடித் தின்பாள். "திருட்டுக் கழுத" என்று செல்லி திட்டிக்கொண்டே, அவளுக்கென்று இன்னும் இரண்டு துண்டு கூடப் போட்டு வைப்பாள். அருணகிரிமேல் அவளுக்கு ஒரு கோபமும் மிச்சமில்லை. சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லியாயிற்று, அவனும் கேட்டுக்கொண்டான். அதற்குத்தானே அந்தச் சட்டம் இருக்கிறது.

எழுபத்தெட்டு ஐப்பசியில் கோபால்சாமி வந்து சேர்ந்தான். மெட்ராஸில் ஏதோ காலேஜில் வேலை. தோளில் டேப் ரிக்கார்டர், பை நிறைய பேட்டரி. பள்ளிக்கூடத்து வாத்தியார் பஞ்சாட்சரம்தான் அவனைச் செல்லியிடம் கூட்டிவந்தார். கலசப்பாக்கத்துக்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் பேன்ட் போட்ட யாரைக் கண்டாலும் எழுந்து நின்றுவிடுகிற ஜாதி.

"இவரு பாட்டு சேர்க்கிறவரும்மா. நீ பாடுனா இந்தப் பொட்டி புடிச்சிக்கும்."

"புடிச்சி இன்னா பண்ணும்?"

"திருப்பிப் பாடும்."

"அப்ப அதையே பாடச் சொல்லுங்க. என்ன எதுக்குக் கேக்கிறீங்க?"

கோபால்சாமி சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினான். இத்தனை பேச்சும் பொட்டிக்குள்ளிருந்து அப்படியே திரும்பி வந்தது. செல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால் என்ன? அந்த நிமிஷமே அவள் விழுந்துவிட்டாள். தன் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

பதினோரு நாள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டான். வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்பான். சாமை குத்தும் பாட்டு, களை எடுக்கும் பாட்டு, நாத்தனாரைக் கேலி செய்யும் பாட்டு எல்லாம் பொட்டிக்குள் போயின. புருஷன் முனிசாமி மட்டும், "சோறு தின்றவன் தேனும் கேக்கிறான், நாளைக்குக் கூரையக் கேப்பான்" என்று முனகினான். பதினோராம் நாள் கோபால்சாமி ஒப்பாரி கேட்டான்.

செல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்ய, பொணம் இல்லாத வூட்ல ஒப்பாரி வெக்கிறதா? அது பொணத்தக் கூப்புடுறதா ஆயிடும் தம்பி."

அவன் வற்புறுத்தவில்லை. தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். அவனுடைய அம்மா செத்தபோது டெல்லியில் இருந்தானாம். மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தானாம். அன்றிலிருந்து அழுகையே வரவில்லையாம். அது நிஜமோ புளுகோ, இன்றுவரை தெரியாது. செல்லி நிஜம் என்றுதான் நம்பினாள்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுநாள் காலை வெயில் ஏறியதும் அக்காளைப் புதைத்த மேட்டுக்கு அவனை அழைத்துப் போனாள். அங்கே பாடினால் குற்றமில்லை, செத்தவள் அங்கேதான் இருக்கிறாள். உட்காரும் முன் சொன்னாள்:

"தம்பி, இது எனக்கும் எங்க அக்காவுக்கும். நீ கேளு, அழுதுக்கோ. ஆனா குளிச்சி எழுந்த சொல்லு இது. இந்த மலையில ஒருத்தர் காதுலயும் திரும்ப வுழக்கூடாது. அவ பொண்ணுக்கு இது தெரியாது, அப்ப அது வெவரம் புரியாத கொழந்த."

கோபால்சாமி குனிந்து மேட்டு மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். "இந்த மண்ணு மேல சத்தியம்க்கா. யார் காதுலயும் விழாது."

அவள் பாடினாள். அவன் தேம்பித் தேம்பி அழுதான். பொட்டி மட்டும் அழாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த மாசியில் ஒரு கார்டு வந்தது. பஞ்சாட்சரம் வாத்தியார் படித்துச் சொன்னார். செல்லியின் பாட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு ரேடியோவில் வருகிறதாம், ஊரோடு உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். எந்தப் பாட்டு என்று எழுதவில்லை. சாமை குத்துகிற பாட்டாகத்தான் இருக்கும் என்று செல்லி நினைத்துக்கொண்டாள். வேறு மாதிரி நினைக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை, சத்தியம் வாங்கியிருக்கிறாளே. நான்கு ஊருக்கு நடந்து நடந்து சொன்னாள். ஓடை தாண்டி அருணகிரி வீட்டுக்கும் போனாள்.

"மாமா, எம்பாட்டு ரேடியோல வருதாம். நீ வரலன்னா நான் ஒங்கூடப் பேசவே மாட்டேன்."

"ஒன் வாயி மலைக்குப் பத்தாம இப்ப மெட்ராஸ் வரைக்கும் போச்சா?" என்று சிரித்தான் அருணகிரி. "வர்றேன் போ."

வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். செல்லியே அவனை முன்வரிசையில் உட்காரவைத்தாள். பக்கத்தில் பத்து வயது வசந்தி, பாவாடை நிறைய வறுத்த வேர்க்கடலை. அதுவும் செல்லி வறுத்ததுதான். பள்ளிக்கூடத்து மேசையில் வாத்தியாரின் டிரான்சிஸ்டர், அதற்கு யாரோ குங்குமப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள்.

முதலில் கோபால்சாமியின் குரலே வந்தது. "ஜவ்வாது மலை, வேங்கைக்கொல்லையைச் சேர்ந்த செல்லி" என்றான். செல்லி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவன் மேலே சொன்னான்: "காய்ச்சலில் கிடந்த மனைவியை மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல், புளி விற்கப் போன ஒரு கணவன். இறந்தவளின் தங்கை அவனைப் பேர் சொல்லிப் பாடும் அபூர்வமான ஒப்பாரி இது."

புளிமூட்ட எறக்கிப்போக என்று கணீரென்று ஆரம்பித்தது பொட்டி.

"நிறுத்துங்க சாமி!" என்று செல்லி கத்தினாள். வாத்தியார் பதறிப்போய் எதையோ திருகினார், சத்தம் இன்னும் ஏறியது. அருணகிரி பேர் பள்ளிக்கூடத்துச் சுவரிலெல்லாம் மோதிற்று. வசந்தி கடலை மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அம்மாவுக்குக் காய்ச்சலுன்னு தெரிஞ்சேவா புளி விக்கப் போனே?"

அருணகிரி எழுந்து மகளின் கையைப் பிடித்தான். வாசலில் செல்லி குறுக்கே போய் நின்றாள். அவன் சத்தம்கூடப் போடவில்லை.

"அன்னிக்குப் பொணத்து முன்னாடி சொன்னே, கேட்டுக்கினேன். இப்ப பொணம் எங்க கீது, செல்லி?"

அன்றோடு வசந்தி வருவது நின்றது. செல்லி மூன்று தடவை ஓடை தாண்டிப் போனாள், மூன்று தடவையும் கதவு திறக்கவில்லை. பஞ்சாயத்து கூடியது. மேட்டில் பாடியதையும் சத்தியம் வாங்கியதையும் சொல்லி அழுதாள். ஊர்க்கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் வெளியூரான், அவனுக்கு இன்னா தெரியும்? குளிச்சி எழுந்த சொல்ல மறுபடி எடுத்தவ நீதான" என்றார். எடுத்தது அவள்தான்.

பங்குனியில் கோபால்சாமியிடமிருந்து இன்னொரு கார்டு. "நிகழ்ச்சி எப்படி இருந்தது அக்கா? இங்கே எல்லோரும் அந்த ஒப்பாரியைத்தான் பாராட்டுகிறார்கள். ஊரே பெருமைப்பட்டிருக்குமே." செல்லி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. வேண்டுமென்று செய்யவில்லை, பாவி. மறந்துவிட்டிருக்கிறான். நெற்றியில் மண்ணை வைத்துச் செய்த சத்தியத்தை, மலை இறங்கியதும் முகத்தோடு சேர்த்துக் கழுவிவிட்டிருக்கிறான். கெடுக்க வேண்டும் என்று கெடுத்தவனையாவது ஒருநாள் மன்னிக்கலாம். இவனை எதைச் சொல்லி மன்னிப்பது?

"பதில் இன்னா எழுத?" என்றார் வாத்தியார்.

"தின்ன சோத்தத் திருப்பிக் குடுன்னு எழுதுங்க. எம்பொண்ணத் திருப்பிக் குடுன்னு எழுதுங்க."

வாத்தியார் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவர் எழுதியது, "இங்கு அனைவரும் கேட்டு மகிழ்ந்தோம்" என்று. செல்லிக்குப் படிக்கத் தெரியாது. கார்டை அவளே தபால்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதன்பிறகு எந்தச் சாவு வீட்டிலிருந்தும் அவளுக்கு ஆள் வரவில்லை. அவளாகப் போனாலும் பெண்கள் தோளைக் கொடுக்கமாட்டார்கள். இன்னும் கேளுங்கள், அவள் இல்லாத வட்டத்தில்கூடப் பழைய மாதிரி யாரும் பேர் சொல்லி அழுவதில்லை. எந்த மூலையில் எந்தப் பொட்டி சுற்றுகிறதோ என்ற பயம். எல்லோரும் "ஐயோ, ஐயோ" என்று மட்டும் அழுதுவிட்டு எழுந்து போனார்கள். எண்பத்தேழில் வசந்தியைத் திருப்பத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். ஓடைக்கு இக்கரையில் நின்று செல்லி மேளச் சத்தம் மட்டும் கேட்டாள்.

மறுவருஷம் கார்த்திகையில் அருணகிரி செத்துப்போனான். நல்லதுக்குத்தான் கூப்பிட்டுப் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகலாம். செல்லி போனாள். வழியெல்லாம் பாட்டைக் கட்டிக்கொண்டே போனாள். இன்னொருத்தியைக் கட்டாமல் ஒற்றைப் பெண்ணை வளர்த்ததை, அன்று இலை போட்டுச் சோறு வைத்ததை, தான் வாயை விற்று அவன் தலையைக் குனியவைத்ததை, எல்லாம் பேர் சொல்லிப் பாட வேண்டும். அவன் பேரையும் தன் பேரையும் சொல்லி. பிணத்தின் முன்னால் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும், வசந்தி தன்னைச் சேர்த்துக்கொள்வாள் என்று நம்பினாள்.

அவள் உள்ளே நுழைந்ததும் அழுகை நின்றது. தோள்களில் கிடந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வசந்தி தலைமாட்டில் இருந்தாள், ஆறு மாத வயிறு. அவள் நிமிர்ந்து செல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தாள்.

"சின்னம்மா, பையக் காட்டு."

"இன்னா கண்ணு?"

"பொட்டி கிட்டி எதனா வச்சிருந்தா வெளிய வெச்சிட்டு வந்து உக்காரு."

செல்லி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். நான்கு வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, ஒரு கைப்பிடி பாக்கு. முந்தானையையும் உதறிக் காட்டினாள். வசந்தி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். டப்பியைத் திறந்துகூடப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் பொறுக்கிப் பைக்குள் போட்டு, சுருக்கி, நீட்டினாள். ஒரு துண்டுப் பாக்குகூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

"சரி, உக்காரு" என்றாள்.

செல்லி உட்கார்ந்தாள். யாரோ ஒருத்தி மெல்ல, "எடு செல்லி" என்றாள். கட்டிவந்த பாட்டு அத்தனையும் தொண்டை வரைக்கும் இருந்தது. முதல் வரிக்கு வாயைத் திறந்தாள், வரவில்லை. பத்து ஊருக்கு வாய் நீளம் என்று பேர் எடுத்தவள், அருணகிரியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.