பீஜியில் அப்பா கோட்டை விட்ட பரீட்சை

பத்து வயதில் நான் ஒரு கண்டிப்பான ஆசிரியை. எனக்கு ஒரே ஒரு மாணவர், அப்பா. நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய வென்ட்வேர்த்வில்லில், வீட்டுக் கராஜில்தான் வகுப்பு நடந்தது. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பது அப்பாவின் நிபந்தனை.

பாடம் மிளகு, கிராம்பு, சாதிக்காய், கொக்கோ. பீஜியில் ஒரு வாசனைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம், போன இடத்தில் முழிக்கக்கூடாது என்றார் அப்பா. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த அவர் கொக்கோவைச் சொக்கலேட்டாக மட்டுமே கண்டவர். ரயிலில் வேலைக்குப் போய்வரும்போது கொப்பியில் இலைகளின் படம் கீறிப் பாடமாக்கினார். கடைசிப் பரீட்சையில் பத்துக்குப் பத்து. அவருடைய சேட்டில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டிவிட்டேன்.

அம்மாவுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. மாத்தளையில் அவருடைய தகப்பனாருக்கு இதே மரங்கள் நின்ற தோட்டம் இருந்தது. அவர் இறந்தபோது எங்களுக்கு வீசா சரிவரவில்லை. வெளியே போனால் திரும்பி வரமுடியாது என்றார்கள், அம்மா போகவில்லை. நிரந்தர வதிவிடம் கிடைப்பதற்குள் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. அதன் பிறகு அம்மா ஊர்ப் பேச்சை விட்டார். மற்றப் பேச்சுகளும் குறைந்துகொண்டே போயின. மாத்தளையிலிருந்து மாமா போன் எடுத்தால் அப்பாதான் கதைப்பார். எனக்கு இது பழகிவிட்டிருந்தது.

பீஜித் தோட்டத்தில் வழிகாட்டிப் பெண் ஒரு கொடியைக் காட்டி என்னவென்று கேட்டார். அப்பா எல்லாருக்கும் முந்திக் கை உயர்த்தினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“வெற்றிலை” என்றார்.

அது மிளகு. முதல் வாரமே படித்த பாடம். அடுத்த மரத்தில் மஞ்சள் பழங்கள் தொங்கின. அப்பா அதைக் கொய்யா என்றார். மெல்பேர்னிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அவருடைய கையை நன்றாகக் கிள்ளினேன்.

“விசர்க்கதை கதையாதேங்கோ. அது சாதிக்காய்” என்றார் அம்மா, மெல்ல.

“உமக்கு என்ன தெரியும்? இது கொய்யாதான்.”

அம்மா விழுந்துகிடந்த பழம் ஒன்றைப் பொறுக்கிப் பிளந்தார். உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பாகச் சாதிபத்திரி. அதை அப்பாவின் மூக்குக்கு நேரே பிடித்தார். குரலும் ஏறிவிட்டது.

கொக்கோ மரத்தடியில் அப்பா பப்பாசி என்று தொடங்கியதும் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. வெட்டக் கத்தி எடுத்த வழிகாட்டியின் கையிலிருந்து காயை வாங்கி, கல்லில் இரண்டு தட்டுத் தட்டிப் பிளந்தார். எல்லாருக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னவர், என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

“கத்தி போட்டாக் கொட்டை வெட்டுப்படும். எங்கட அப்பா கத்தியைத் தொடவே விடமாட்டார்.”

வெள்ளைச் சதையோடு ஒவ்வொரு கொட்டையாக எல்லார் கையிலும் வைத்தார். சூப்ப வேண்டும், கடிக்கக்கூடாது. சுவை புளிப்பும் இனிப்புமாக இருந்தது. அதற்குப் பிறகு அம்மாதான் வழிகாட்டி. அணிலை விரட்டத் தன் தகப்பனார் தகரம் கட்டியதையும், கொக்கோக் கொட்டை காயவைத்த முற்றத்தில் தான் அடிவாங்கியதையும் சொன்னார். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டே சொன்னார். மெல்பேர்ன்காரர்கள் அம்மாவின் பின்னாலேயே போனார்கள். அப்பா கடைசி ஆளாக நடந்தார். வெட்கப்படட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

ஹோட்டலுக்கு வந்ததும் அம்மா தானே மாமாவுக்குப் போன் எடுத்தார். “அண்ணா, கிணத்தடிக் கொக்கோ இப்பவும் காய்க்குதோ?” என்று அவர் விசாரித்தது கதவுக்கு வெளியே கேட்டது. எனக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. நடைபாதையில் அப்பாவை நிறுத்தி மறுபரீட்சை வைத்தேன். தடுமாறாமல் பத்துக்குப் பத்து.

“ஆக்களைக் கண்டு பயந்திட்டீங்கள், அப்பா. அடுத்த முறை மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லுங்கோ.”

“ஓம் பிள்ளை, இனிப் பயப்பிடமாட்டன்” என்றார். கண்ணெல்லாம் கதவிலேயே இருந்தது.

ஆனாலும் இன்னொரு நட்சத்திரம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சரியாகப் பிழை விடுவதற்கும் படிக்க வேண்டும் என்பது அந்த ஆசிரியைக்குத் தெரியாது.