அவித்த கோதுமை

ஓய்வாக இருக்கட்டும் என்று மகள் எங்களைக் கிரேக்க நாட்டின் சிறு தீவு ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தாள். கார்கூட ஓடாத அமைதியான ஊர்.

ஒருநாள் காலை, அறை வாடகைக்கு விட்ட அம்மாள் கறுப்பு உடையில் வந்தார். சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் கிண்ணங்களில் நீட்டினார். கடலில் இறந்துபோன அவர் மகனுக்கு அன்று நினைவுநாள். அதைச் சாப்பிடுகிறவர்களின் வேண்டுதல் அவன் ஆத்மாவுக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. மகள்தான் விளக்கினாள்.

"சாவு வீட்டுச் சாப்பாடெல்லாம் எனக்கு ஆகாதும்மா. வயிறு சரியில்லைன்னு சொல்லிடு" என்றேன்.

மகள் தயங்கினாள். என் மனைவி அந்த அம்மாளிடம் தமிழிலேயே, "அவருக்கு வயித்துல ஒண்ணுமில்லம்மா, வீம்பு. அதையும் இப்படிக் குடுங்க" என்று இரண்டு கிண்ணத்தையும் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த அம்மாளின் பார்வை மட்டும் என்னைவிட்டு நகரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் மனைவி இப்போது இல்லை. சென்ற ஆடி அமாவாசையன்று குத்தாலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அவளுக்குச் சோறு வைத்தேன். வெகுநேரம் காகம் வரவில்லை. "ஒரு வாய் எடுத்துக்க, வா" என்று வெயிலில் நின்று கெஞ்சினேன். அந்த அம்மாள் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்.