வெள்ளிக்கிழமை விறைப்பு

தவமலர் அக்கா தைத்த சேலைச் சட்டை போடாத மணப்பெண்கள் கனடாவின் ஸ்காபரோவில் குறைவு. கை அவ்வளவு சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். "உடம்பைக் குறைச்சுப்போட்டு வாரும், பிறகு அளவெடுப்பம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர். அப்படிச் சொன்ன பிறகும் நான் வேறு யாரிடமும் தைக்கக் கொடுத்ததில்லை.

அவருடைய கணவர் சண்முகலிங்கம் அண்ணை ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் எறியமாட்டார். வளைந்த ஆணிகூட யோகட் பேணிக்குள் பத்திரமாக இருக்கும். போன கோடையில் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்டில் சுவாமி அறை கட்டியதும் அவர்தான். சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் கட்டினார். அது பழைய வீடு. பொயிலரிலிருந்து சுடுதண்ணீர் குழாய்களில் ஓடித்தான் வீடு சூடாகும். அந்தக் குழாய்களுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, பக்கத்தில் அம்மன் படத்தை வைத்து, முன்னால் ஒரு மணியும் தொங்கவிட்டார்.

மார்கழி மாதம் அக்காவுக்குக் கை விறைக்கத் தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் தலை முழுகி, ஈரம் சொட்டச் சொட்ட வெறுங்காலோடு கீழே போவார். விளக்கேற்ற முதல் குளிருக்கு அந்தக் குழாயைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார். அப்போது விரல் நுனியெல்லாம் ஊசி குத்தும். குளிர்ந்த கை சூட்டில் பட்டால் அப்படித்தான் என்று முதலில் விட்டுவிட்டார். இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது.

"சீனிதான். வேற என்ன?" என்று அண்ணை தீர்ப்புச் சொன்னார்.

நானும் என் பங்குக்கு, "அம்மாள் உங்களில இறங்கப் பாக்கிறா போல" என்று பகிடி விட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "என்ர அம்மாவுக்கும் சீனி இப்பிடித்தான் துவங்கினது. கடைசியில ஊசியைப் பிடிக்கவே ஏலாமப் போட்டுது" என்றார். என் வாயை நானே சபித்துக்கொண்டேன்.

பயம் வந்தபின் மற்ற நாட்களிலும் விரல் மரத்திருப்பதாகவே அவருக்குத் தோன்றியது. ஒரு கலியாணச் சட்டைத் துணியை வெட்டாமலே திருப்பிக் கொடுத்தார். பிறகு எனக்குப் போன் எடுத்தார். "தையல் மெசினை நீர் கொண்டுபோம். பாக்கப் பாக்க அழுகை வருது."

நான் போன அன்று வீட்டில் மக்டலீன் நின்றாள். கரண்ட் வேலைக்கு லைசென்ஸ் உள்ளவள். அம்மன் படத்தைச் சுற்றிக் கலர் லைட் போட அண்ணைக்கு ஆசை. அவரைக் கரண்டில் கைவைக்க அக்கா விடவில்லை. அதனால் இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மெசினைத் தூக்கிக் கதவடியில் வைத்துவிட்டு அக்காவோடும் அண்ணையோடும் நானும் கீழே போனேன்.

மக்டலீன் கழுத்தில் சிலுவை. ஆனால் சுவாமி அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். "வேலை செய்யேக்க கழட்டக்கூடாது. எண்டாலும் சாமி இருக்கிற இடமெல்லே" என்றாள். பனியில் காலுறை ஊறிப்போயிருந்தது. படத்துக்குப் பின்னால் பார்க்கக் குனிந்தவள் ஒரு கையைக் குழாயில் ஊன்றி, உடனே இழுத்துக்கொண்டாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கரண்ட் பார்க்கும் மீற்றரை எடுத்துக் குழாயில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இதில பிடிக்கேக்க உங்களுக்கு ஏதும் செய்யிறதோ?"

"விறைக்கும் பிள்ளை. எனக்குச் சீனி."

"அப்ப எனக்கும் சீனியோ?"

பொயிலருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டுக் குழாய்களைத் தடவிக்கொண்டு போனாள். இரண்டு இரும்புக் கவ்விகள் வெறுமையாக இருந்தன. "இதில ஒரு மொத்தச் செப்பு வயர் இருந்திருக்க வேணுமே. எங்க அது?"

நாங்கள் மூன்று பேரும் மணியைப் பார்த்தோம். மொத்தச் செப்புக் கம்பியில் அது அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சும்மாதானே கிடக்குதெண்டு..." என்று அண்ணை இழுத்தார்.

"சும்மா கிடக்கிறதுதான் அண்ணை அதின்ர வேலை. அதுதான் ஏர்த் வயர். பொயிலர் பம்பில எங்கேயோ கரண்ட் ஒழுகுது. வயர் இருந்தா அது தன்ர பாட்டில போயிருக்கும். இல்லாதபடியா குழாயில நிண்டு, ஈரக்காலோட ஆர் வருவினமெண்டு பாத்துக்கொண்டிருந்திருக்கு. இன்னும் கொஞ்சம் கூட ஒழுகியிருந்தா..."

அண்ணை படியில் குந்திவிட்டார். அக்கா கேட்டது ஒன்றுதான். "அப்ப என்ர கைக்கு?"

"கைக்கு ஒண்டுமில்லை அக்கா. வீட்டுக்குத்தான் வருத்தம்."

அக்கா அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "நீர் என்ன பாக்கிறீர்? மெசினைப் பழைய இடத்தில கொண்டுபோய் வையும்."

பம்பு மாறியது, செப்புக் கம்பி தன் இடத்துக்குப் போனது. மணி இப்போது சட்டைத் துணியில் பின்னிய கயிற்றில் தொங்குகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வடை கிடைக்கும் என்று நானும் போயிருந்தேன். அக்கா தலை முழுகி இறங்கி வந்தபோது, என்றைக்கும் தடித்த காலுறையோடு படியில் நின்றே கும்பிடும் அண்ணை, காலைக் கழுவிவிட்டு ஈரக்காலோடு சீமெந்துத் தரையில் நின்றார். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்தார்.

"மக்டலீன் எல்லாம் சரியெண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவ. உங்களுக்கென்ன விசரோ? கரண்ட் அடிச்சிருந்தா?"

"எனக்கு விறைச்சா என்னப்பா? நான் என்ன சட்டையே தைக்கிறன்?"

அந்த நீள வாய்க்காரி அன்று பக்கத்தில் போய் நின்று, அவருடைய கைக்கு அருகில் தானும் குழாயைப் பிடித்துக்கொண்டார். விளக்கை நான்தான் ஏற்றினேன்.