தூண்டில் காதும் வெள்ளிக்கிழமையும்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஜன்னலோரம் இருந்த ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பலகை. அதில் பன்னிரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டாக, மீன் பூச்சிகள் குத்தி நின்றன. வெளிச்சம் அவற்றின் பின்னாலிருந்து வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் ஒவ்வொரு கொக்கியின் காதிலும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். அன்று ஒன்றில்கூடத் தெரியவில்லை.

அண்ணி அடுப்படியில் தேயிலைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, காது ஒண்ணுலயும் வெளிச்சம் தெரியல.”

“காலங்காத்தால கண்ணாடியப் போட்டுட்டுப் பேசு புள்ள.”

“போட்டுட்டுத்தான் பேசுறேன்.”

வந்து ஒன்றை எடுத்தார். தூண்டில் நரம்பைக் காதில் நுழைத்துப் பார்த்தார். நரம்பு வளைந்தது, நுழையவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளிநாட்டில் ஆற்று மீன் பிடிப்பவர்களுக்காக ஒரு கம்பனி இந்தப் பொய்ப் பூச்சிகளை வீட்டுப் பெண்களிடம் கொடுத்துக் கட்டி வாங்குகிறது. சிறு கொக்கியில் இறகையும் ரோமத்தையும் நூலால் சுற்றினால் ஈயைப்போல ஆகிவிடும். நூலை முடிச்சுப் போட்டு முடிக்கும் இடம் தலை. அதற்கு முன்னால் ஊசிக் காதைப்போல ஒரு வளையம். தலையில் சிலுப்பிக்கொண்டு நிற்கும் இறகு மயிர் அந்தக் காதை மறைக்கும். அதனால் முடிச்சு விழுந்ததும் சூடான கம்பியை அருகே கொண்டுபோவார்கள். தொட வேண்டாம், காட்டினால் போதும். மயிர் சுருண்டு தானாகப் பின்வாங்கும். அதன் பிறகுதான் தலைக்கு ஒரு சொட்டு வார்னிஷ். வார்னிஷ் காய ஓர் இரவு வேண்டும்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. மாலையில் அம்மா பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றியிருந்தார். அண்ணி கம்பியைச் சூடாக்கத் தொடங்கியதும் எழுந்து வந்தார்.

“வெளக்கு வச்ச வீட்டுல மயிரு பொசுங்குற நாத்தமா? அதுவும் வெள்ளிக்கெழம?”

“இது கோழி எறகு அத்தை.”

“கோழிக்கு வெள்ளிக்கெழம கெடையாதா?”

வெளியே போய்ச் சுடலாம் என்றால் மழை. தோட்டத்து லய வரிசையில் எங்களுக்கு இருப்பது இரண்டு காம்பரா, இரண்டே அறை. எங்கே பொசுக்கினாலும் நாற்றம் விளக்கடிக்கு வரும். “வார்னிஷை இப்பவே வச்சிடுங்க, மயிர நாளைக்குச் சுட்டுக்கலாம்” என்று வழி சொன்னது நான்தான். பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிவந்த இருபது வருடங்களில் எதற்குப் பிறகு எது என்று பார்க்காமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை பார்க்கவில்லை. ஈர வார்னிஷில் மயிர் படிந்து, காதின் மேல் ஒட்டி, இரவோடு இரவாகக் கல்லாகிவிட்டது.

அண்ணியின் இரண்டு கட்டுகள் அதற்கு முன்பே கம்பனியிலிருந்து திரும்பி வந்திருந்தன. ஒன்றில் வால் நீளம், மற்றதில் தலை தடிப்பு. மூன்றாவதும் திரும்பினால் பெயரை வெட்டிவிடுவார்கள், பூச்சியைப் பிடித்து நிறுத்தும் வைஸையும் வாங்கிக்கொள்வார்கள். பழையபடி தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகவும் முடியாது. மலைச் சரிவில் விழுந்ததிலிருந்து அவருடைய வலது முழங்கால் மடங்குவதில்லை. தெமோதரை ரோட்டுக்குக் கம்பனி வேன் வருவது ஒன்பதரைக்கு.

அண்ணி லைட்டரை எடுத்து ஒரு பூச்சியிடம் காட்டினார். காய்ந்த வார்னிஷ் பக்கென்று பிடித்தது. தலை நூல் உருகி, இறகு மொத்தமும் கழன்று மடியில் விழுந்தது. கூடுதலாக இரண்டு கட்டி வைப்பது அவருடைய வழக்கம் என்பதால் கணக்குக் குறையவில்லை.

“போச்சு. பேரு போயிரும் புள்ள.”

“நெருப்பு வேணாம் அண்ணி. சூடு மட்டும் போதும்.”

தையல் ஊசிகள் மூன்றை எடுத்து, காய்ந்த தேயிலைக் குச்சிகளில் செருகினோம். கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் நுனி சிவக்கும்வரை பிடித்து, சிவப்பு மறைந்ததும் காதுக்குள் முன்பக்கமாக நேராக விட வேண்டும். வார்னிஷ் இளகும், மயிர் கருகி ஊசியோடு வந்துவிடும். கொஞ்சம் பின்னால் போனால் நூல் அறுந்துவிடும். முதல் பூச்சியில் அண்ணி மெதுவாக நுனியை விட்டார். ஊசியை வெளியே இழுத்துப் பூச்சியை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பொட்டு வெளிச்சம் தெரிந்தது.

ஒரு பூச்சியை முடிப்பதற்குள் ஊசி ஆறிவிடும். குத்துவது அண்ணி, நரம்பு விட்டுப் பார்ப்பது நான். சுடவைக்க ஆள் இல்லை. அம்மா தேயிலைக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்பின் முன் வந்து நின்றார்.

“கொண்டாங்க ஊசிய.”

“நாத்தம் அடிக்குமே அத்தை.”

“இன்னைக்குச் சனி. சனிக்கெழமைக்கு எதைப் பொசுக்குனா என்ன?”

“அப்ப நேத்து ஒங்க பிள்ளையாரு மூக்க மூடிக்கிட்டிருந்தா நாங்க இப்பத் தூங்கிக்கிட்டிருப்போம்” என்றார் அண்ணி.

“அவருக்கு மூக்கா இருக்கு? தும்பிக்கையில்ல இருக்கு. அத எதக் கொண்டு மூடுறது?”

ஆறு பத்துக்குப் பிறகு அண்ணி சிரித்தது அப்போதுதான். எட்டு ஐம்பதுக்குக் கடைசிப் பூச்சியின் காது திறந்தது. ஒன்றே ஒன்றில் நூல் கருகியிருந்தது. அதற்குப் பதிலாக இரண்டாவது உபரியை வைத்தோம்.

வேனில் வந்த பரிசோதகர் பதுளைப் பக்கத்துச் சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். டசனுக்கு ஒன்று எடுத்து, நரம்பு விட்டு, வேனின் சீட்டில் வரிசையாக வைத்தார். அண்ணி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவதில் நரம்பு நின்றது. அந்தப் பெண் நரம்பு நுனியை நாக்கில் நனைத்து மறுபடி விட்டார். போனது.

பன்னிரண்டும் முடிந்தபின் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“இந்த முறை காது சுத்தமா இருக்கே அக்கா. எப்படிச் செஞ்சீங்க?”

“மாமியாருக்கு அதுல கை தேர்ச்சிங்க மிஸ்” என்றார் அண்ணி.

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டிப் போட்டார். எனக்கும் அப்போதுதான் பசித்தது. கடையில் இரண்டு பணிஸ் ரொட்டி வாங்கி அங்கேயே தின்றோம்.

அடுத்த கட்டுக்கான சாமான் பொதியை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு வேன் பண்டாரவளைப் பக்கம் போனது. பெயர் வெட்டுப்படவில்லை; பொதியில் அடுத்த பூச்சிக்கான மஞ்சள் நூல் இருந்தது.