மச்சான் தள்ளி எழுதிய கல்

அக்காவின் கணினித் திரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இடப்பக்கம் ஒரு கோப்பின் ஒவ்வொரு பைட்டும் எண்ணாக. வலப்பக்கம் அதே பைட்டுகள் எழுத்தாக, பெரும்பாலும் வெறும் புள்ளிகளாக. லிங்கநகரிலிருந்து வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் இருந்த கணினி பழுதுபார்க்கும் கடையில் என்னோடு வேலை செய்தவர்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருவருக்கும் திறக்க ஏலாத கோப்புகளை பைட்டுகளைக் காட்டும் அந்தக் கருவியில் போட்டுத்தான் பார்ப்பார். அன்று போட்டது என் மச்சானின், தங்கச்சி புருஷனின், மெமரி கார்டை.

மச்சான் கடலுக்குப் போய் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. 'மூன்றாம் கல்லுக்குப் போறன்' என்று மட்டும் என் தங்கச்சியிடம் சொல்லியிருந்தார். கடலடியில் மீன் கூடும் பாறையைத்தான் கல் என்பார்கள். அது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. தேடப் போகும் படகுகள் இடம் கேட்டு ஜெட்டியில், படகுத்துறையில், நின்றன. ஜிபிஎஸ் படகோடு போய்விட்டது. அதில் பதிந்த இடங்களின் நகல் இருந்த கார்ட் வீட்டு அலுமாரியில் கிடைத்தது. திறக்கத்தான் மென்பொருள் இல்லை.

அக்கா அவசரப்படவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். தெரிந்த ஒன்றை முதலில் தேடுவது அவர் வழக்கம். வலப்பக்கத்துப் புள்ளிகளுக்குள் 'ஜெட்டி' என்ற பெயரைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால், இடத்தைச் சொல்லும் எட்டு பைட்டுகளைக் கணக்கிட்டார். வரைபடத்தில் ஜெட்டி சரியான இடத்தில் வந்தது. அதே முறையில் மூன்றாம் கல்லை எடுத்தார். அது கரையை விட்டு உள்ளே, கப்பல்துறை ஊரில், கண்டி வீதியில் போய் விழுந்தது.

"றோட்டில மீன் பிடிக்கிறாரோ? உங்கட விசர்ப் பெட்டியை மூடுங்கோ" என்று கத்தினேன்.

"ஜெட்டி சரியா வந்தது, தம்பி. உங்கட மச்சான்தான் பொய் எழுதி வச்சிருக்கிறார். தங்கச்சியைக் கேளுங்கோ."

மற்றவன் கல்லைத் திருடாமலிருக்க இடத்தைத் தள்ளி எழுதுவது எங்கள் படகுக்காரர்களின் பழக்கம். எவ்வளவு தள்ளினார் என்பது தங்கச்சிக்குத் தெரியும். ஒருவருக்கும் சொல்லக்கூடாதென்று பிள்ளையின் தலையில் கை வைக்கச் சொல்லி மச்சான் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயம் அவளுக்கு. சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள்.

"இருபத்தைஞ்சு மைல் மேற்கால தள்ளி எழுதுறவர்" என்றாள். அக்கா அதே தூரத்தைக் கிழக்கே கூட்டினார்; புள்ளி கடலில் விழுந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மச்சானை உயிரோடு கொண்டுவந்தார்கள். எஞ்சின் பழுதாகி, அந்தக் கல்லிலேயே நங்கூரம் போட்டுக் கிடந்திருக்கிறார். உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு முதலில் கேட்டது: "என்ர கல்லை ஆர் காட்டிக் குடுத்தது?"

அக்கா இப்போது வெளிநாட்டில். அந்தக் கருவி என் கணினியில் இருக்கிறது. மச்சான் கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டில் விட்டுப்போகும் நகல் கார்டைத் திறந்து பார்க்கிறேன். பெயர்கள் இருக்கின்றன, எண்கள் இருக்கின்றன, எல்லாம் புதிதாகத் தள்ளி எழுதியவை. எவ்வளவு என்று இந்த முறை தங்கச்சிக்கும் அவர் சொல்லவில்லை.