தலை வெளியே வரட்டும்

சலவைக்கடையில் நாள் முழுக்கச் சட்டைகளோடு மல்லுக்கட்டியவளுக்கு மைதானத்திலும் சட்டைதான் வந்து வாய்த்தது. உள்ளூர் கால்பந்து லீக்கின் பாதி அணிகளுடைய ஜெர்சிகளை வெளுத்துக் கொடுப்பது அவள். ஞாயிற்றுக்கிழமை அதே ஜெர்சிகளுக்கு நடுவே விசிலோடு ஓடுவதும் அவள்தான். ஆட்டக்காரர்களுக்கு அவள் 'விசிலக்கா'.

"சட்டையத் தொவைக்கிறதும் நீ, கழட்டினா கார்டு காட்டுறதும் நீ. நல்ல பொழப்பு!" என்பார் வீட்டுக்காரர்.

விதிகளை அவள் இஸ்திரி போட்டபடி வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே கற்றாள். கோல் அடித்தவன் ஆடலாம், குட்டிக்கரணம் போடலாம். எதுவரை விடுவது என்பது நடுவரின் பாடு. ஆனால் சட்டையைக் கழற்றினாலோ, அதைக்கொண்டு தலையை மூடினாலோ மஞ்சள் அட்டைதான். அங்கே தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை.

அந்த ஞாயிறு, மேல் லீக்குக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பீட்டாளர் வந்திருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை அவளைத் திருப்பி அனுப்பியவர். 'முடிவெடுக்கத் தயங்குகிறார்' என்று இரண்டு முறையும் ஒரே குறை. இம்முறையும் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும்.

முதல் கோலை அடித்த பேக்கரி அணி, கொடிக்கம்பத்தருகே கூடி மாவு பிசைவதுபோல் ஆடியது.

"நேரத்தக் கடத்துறானுங்க ரெஃப்ரி! கார்டு எடுங்க!" என்று கத்தினார்கள் தபால் அணியினர்.

"மாவு பதமாயிடுச்சுப்பா, போதும். வாங்க ஆட்டத்துக்கு," என்றாள். சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். அட்டை பையிலேயே கிடந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரம். தபால் அணியின் தடுப்பாட்டக்காரன் நெட்டையன் பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினான். அவன் ஆட வந்த நாளிலிருந்து அடித்த முதல் கோல். தலைகால் புரியாமல் சட்டையை மேலே உருவினான். கழுத்துப்பட்டி தாடையில் மாட்டிக்கொண்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஓடினான். லைன்ஸ்மேனின் கொடி உயர்ந்திருந்ததை அவன் ஒருவன்தான் பார்க்கவில்லை. அவன் நின்றிருந்த இடம் ஆஃப்சைடு.

விசில் ஊதினாள். கோல் இல்லை. ஆனால் கோல் செல்லாவிட்டாலும் சட்டைக்கான அட்டை செல்லும். அவனுக்கு முன்பே ஒரு மஞ்சள் உண்டு. இன்னொன்று என்றால் வெளியேற வேண்டியதுதான்.

"கோலே இல்லங்கிறப்ப கார்டு எதுக்கு? பாவம், விட்டுடுக்கா!" என்று கெஞ்சினார்கள் தபால் அணியினர்.

அவள் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மதிப்பீட்டாளர் குனிந்து ஏதோ எழுதினார். நெட்டையனின் தலை ஒருவழியாக வெளியே வந்தது. கொடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மஞ்சளைக் காட்டி, பிறகு சிவப்பைக் காட்டினாள்.

ஆட்டம் முடிந்ததும் மதிப்பீட்டாளர் கேட்டார்: "ஏம்மா, மறுபடியும் தயங்கிட்டீங்களே?"

"தயக்கம் இல்ல சார். விசில் ஊதினப்பவே முடிவெடுத்தாச்சு. தல உள்ள இருந்துச்சு. அவன் கண்ணுல படாம காட்டினா அது என்ன கார்டு?"

அவர் எழுதியதை அடித்தார். அடித்த பிறகுதான் சிரித்தார்.

திங்கட்கிழமை நெட்டையன் ஜெர்சி மூட்டையோடு கடைக்கு வந்தான்.

"இங்கயாவது கழட்டலாமாக்கா?"

"குடுடா. கழுத்தக் கொஞ்சம் தளத்தித் தைக்கிறேன். உனக்காக எவ்வளவு நேரம்டா காத்துக் கெடக்குறது?"

மேல் லீக் சேதி அவன் காதுக்கும் எட்டியிருந்தது. துணி வாங்க நின்ற எல்லோரையும் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினான்.

"எனக்கு செவப்புக் கார்டு காட்டினது யாருன்னு தெரியுமா? மேல் லீக் ரெஃப்ரி!"