பன்னிரண்டு என்று எழுதிய பிளாஸ்டர்

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் நாலு வென்டிலேட்டர்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இன்னொருத்தியும் அதே வேலை பார்த்தாள். ஆறு வருஷம் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரே பஸ், ஒரே சீட், என் டிபன் டப்பாவில் அவள் கை. அப்புறம் ஷிப்ட் மாறியது. காலையில் நான், மதியம் ரெண்டு மணிக்கு மேல் அவள், ராத்திரியில் மெஷினுக்கென்று ஆள் கிடையாது. அவளை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது நினைத்தால் என் மேலேயே வருகிறது.

பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருந்த ஒருவர் நிமோனியாவோடு வந்து சேர்ந்தார். வென்டிலேட்டரில் வைத்தோம். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரல் ஒரேயடியாகச் சுருங்கிவிடாமல், மெஷின் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைக்கும். அது எவ்வளவு என்பதற்கு ஒரு நம்பர் உண்டு. எங்களிடம் வருகிறவர்களுக்கெல்லாம் அஞ்சு என்று வைப்பதுதான் வழக்கம், ரெடிமேட் சட்டை மாதிரி. பலருக்குப் பொருந்தும். இவருக்குப் பொருந்தவில்லை.

டியூட்டி டாக்டர் சொன்னதால் ஒரு மதியம் நானும் அவளும் அவர் கட்டில் பக்கத்தில் நின்று நம்பரை ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஒவ்வொரு தடவையும் காத்திருந்து ஆக்ஸிஜனைப் பார்த்தோம், ரத்த அழுத்தத்தைப் பார்த்தோம், நுரையீரல் எவ்வளவு இளகிக்கொடுக்கிறது என்று திரையில் பார்த்தோம். பதினாலில் ரத்த அழுத்தம் சரிந்தது. பன்னிரண்டுக்கு இறக்கியதும் எல்லாம் ஒத்து வந்தன.

"இதாண்டி இவரு நம்பரு" என்று முதலில் சொன்னதே அவள்தான்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். நான் பிளாஸ்டரைக் கிழித்து 12 என்று எழுதி மெஷினின் முகப்பில் ஒட்டினேன். அவருடைய மனைவி பார்க்க வந்தபோது அதைக் காட்டி, "இது பன்னண்டுல இருக்கணும்மா, அதுதான் அவருக்குச் சரி" என்றேன். அன்றிலிருந்து அந்த அம்மா உள்ளே வந்தால் முதலில் நம்பரைப் பார்ப்பார், அப்புறம்தான் புருஷன் முகத்தை.

எங்களிடம் ஒரு கேடுகெட்ட பழக்கம் இருந்தது. வாரத்தில் ரெண்டு சாயங்காலம் வெளியூரிலிருந்து பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். சுவரில் அவர் ஒட்டிய அட்டவணைக்கு மாறாக ஏதாவது நம்பர் இருந்தால் எல்லார் முன்னாலும் கத்துவார். அதனால் அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லா மெஷினையும் அஞ்சில் வைத்து, பிளாஸ்டரைப் பிய்த்து மெஷினின் பின்பக்கம் ஒட்டிவிடுவோம். அவர் கிளம்பியதும் பழையபடி மாற்றுவோம். நானும் செய்திருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகாததால் தப்பு என்றே தோன்றவில்லை.

ரவுண்ட்ஸ் நாளில் வேலையை ஒப்படைக்கும்போது அவளிடம் சொன்னேன். "இவருக்கு மட்டும் கை வைக்காதடி. ஒரு தடவ சுருங்கிச்சுன்னா திரும்பப் பிரிக்கிறது லேசு இல்ல. சார் கத்துனா என் பேரச் சொல்லு."

"போடி, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை உள்ளே நுழைந்ததும் நேராக அவர் கட்டிலுக்குப் போனேன். அவருடைய ஆக்ஸிஜன் பாதாளத்தில் இருந்தது. திரையில் அஞ்சு. முகப்பில் பிளாஸ்டரைக் காணோம். பின்பக்கம் கையை விட்டுத் தடவினேன், அங்கே இருந்தது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அவரை ஒரு நிலைக்குக் கொண்டுவர மதியமாகிவிட்டது. டாக்டர் அவளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நான் வர்றப்பவே அஞ்சுலதான் சார் இருந்துச்சு. அவ ஏதோ மறந்துட்டுப் போயிட்டா போல."

நான் பக்கத்தில் நிற்பது அவளுக்குத் தெரியாது. மெஷினில் யார் எதை மாற்றினாலும் நேரத்தோடு பதிவாகும். டாக்டர் திறந்து பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் மூணு ஐம்பதுக்கு அஞ்சாக மாறியிருந்தது. அந்த நேரம் நான் பஸ்ஸில் கடலூர் முதுநகரைத் தாண்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரையை மூடினார். "விடுங்க. பெரிய டாக்டர் காதுக்குப் போனா எல்லாருக்கும்தான் பிரச்சினை." நானும் விட்டேன்.

மறந்திருப்பாள், பயத்தில் பொய் சொல்லிவிட்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பொய் வலித்தது. ஆனாலும் ஆறு வருஷத்தைத் தூக்கியெறிய மனசு வரவில்லை.

அவர் பிழைத்தார். குழாயை எடுக்க இன்னும் ரெண்டு வாரம் பிடித்தது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்த அம்மா முந்திரிப் பொட்டலம் ரெண்டை என் கையில் வைத்தார்.

"அவருக்கு மோசமாச்சே, அதுக்கு மொத நாள் பெரிய டாக்டரு போனப்புறமும் நம்பரு அஞ்சுன்னுதான் இருந்துச்சும்மா. நான் பாத்துட்டேன். பன்னண்டு இல்லியான்னு அந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டேன். நீதான் கொறைக்கச் சொன்னதாச் சொல்லிச்சு. நீ சொல்லியிருந்தா சரியாத்தான் இருக்கும்னு நான் அதுக்கு மேல வாயே தொறக்கல. அதுவும் நல்ல பொண்ணு. இதுல ஒண்ண அதுகிட்ட குடுத்துடு."

ஆக, அவள் மறக்கவில்லை. கேட்ட ஒரே ஆளின் வாயை என் பேரைச் சொல்லி அடைத்திருக்கிறாள். சொல்லச் சொன்னதும் நான்தான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் எங்கள் பழக்கத்தையும் சொல்ல வேண்டும், நானும் அப்படி வைத்தவள் என்பதையும் சொல்ல வேண்டும். "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பிளாஸ்டரை என் அடையாள அட்டையின் பின்னால் ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பிய்த்து அவளுடைய பொட்டலத்தின் மேல் ஒட்டினேன். பசை போயிருந்தது. விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன்.

ரெண்டு மணிக்கு வந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள், 12 என்ற நம்பரைப் பார்த்தாள்.

"யாருடி குடுத்தது?"

"உன்கிட்ட வந்து பன்னண்டு இல்லியான்னு கேட்டாங்களே, அந்தம்மா."

அவள் அதை எடுக்கவும் இல்லை, என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.